ஓடும்போது டேஷ்போர்டு முழுவதும் ஒரு நொடி அணைந்து மீள்கிறது: பழைய காரின் வயரிங்கில் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மெதுவோட்டம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் உள்ள முட்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே விழுகின்றன. எஞ்சினும் ஒரு நொடி அடங்கி, மறுநொடியே எதுவும் நடவாததுபோல மீண்டும் பிடித்துக்கொள்கிறது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது சில நேரம் இது வருகிறது, சமமான சாலையிலும் வருகிறது. காலையில் வண்டியை எடுத்தவுடன் ஒருபோதும் வந்ததில்லை. பட்டறையில் நிறுத்தி நெடுநேரம் ஓடவிட்டாலும் அங்கே ஒரு குறையும் தெரிவதில்லை.

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கிவிட்டேன். ஃபியூஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். இக்னிஷன் சுவிட்ச்தான் காரணம் என்று பட்டறையில் சொன்னதால் அதையும் மாற்றியாயிற்று, ஆனால் பழுது போகவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் தொட்ட இடத்தில் எல்லாம் 12.4 அல்லது 12.5 வோல்ட் காட்டுகிறது. இனி வயரிங் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். அதற்கு முன்னால் நானே செய்து பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பட்டறைவாசி

வயதான வண்டியில் வயர்களின் மேலுறை வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். ஓர் இடத்தைச் சரிசெய்தால் இன்னோர் இடத்தில் தலைகாட்டும். முழு வயரிங்கையும் மாற்றுவது செலவுதான் என்றாலும், அதன் பிறகு நிம்மதியாக ஓட்டலாம் என்பது என் கருத்து.

செம்புக்கம்பி

மேலுள்ள கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. புது வயரிங் போடும்போது நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கழற்றி மாட்டுவார்கள். பழைய பழுது போனதா, புதிதாக ஒன்று வந்து சேர்ந்ததா என்பதே அதன் பின் தெரியாது. அதோடு சுவிட்ச், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), எர்த் இணைப்பு (மின்சாரம் வண்டியின் உலோக உடற்கூடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) ஆகியவற்றின் பழுது வயரிங்கை மாற்றுவதால் தீராது. எங்கே பழுது என்று தெரிந்த பிறகு எதை மாற்றுவது என்று முடிவு செய்யலாம்.

மெதுவோட்டம் அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த ஒரு நொடியில் எவையெல்லாம் அணைகின்றன என்பதைச் சொல்லிவிட்டீர்கள். எவையெல்லாம் அணையாமல் இருக்கின்றன? இரவில் ஓட்டும்போது ஹெட்லைட் அணைந்ததா? ஹார்ன் அடித்ததா? வைப்பரும் இண்டிகேட்டரும் நின்றனவா? புளோயர் (உள்ளறைக்குக் காற்று வீசும் விசிறி) ஓடும்போது அதிகமாக வருகிறதா? பழைய வண்டியின் வயரிங் வரைபடத்தை நாள்கணக்கில் படிப்பதைவிட, சேர்ந்து சாகின்றவை எவை, உயிரோடு இருப்பவை எவை என்ற இரண்டு பட்டியல்கள் விரைவாக வழிகாட்டும்.

மெதுவோட்டம்

நேற்றிரவு வேண்டுமென்றே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். பழுது வந்தபோது ஹெட்லைட் சிறிதும் மங்கவில்லை. ஹார்ன் அடித்தது, உள் விளக்கும் எரிந்தது. வைப்பர், இண்டிகேட்டர், புளோயர், ரேடியோ, எரிபொருள் முள், வெப்ப முள், எஞ்சின் ஆகிய அனைத்தும் ஒன்றாக நின்றன. புளோயரை அதிவேகத்தில் வைத்து, பின் கண்ணாடியைச் சூடாக்கும் சுவிட்சையும் போட்டிருந்தபோது சீக்கிரமே வந்தது. இவை அணைந்திருந்த வேளையில் வரவே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

செம்புக்கம்பி

நல்ல தகவல். பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது.

ஹெட்லைட் மங்கவில்லை என்பதால் பேட்டரியும், அதன் இரண்டு முனைகளும், பேட்டரியிலிருந்து உடற்கூட்டிற்குச் செல்லும் எர்த் வயரும் சந்தேகத்திலிருந்து விலகிவிடுகின்றன. நின்றுபோனவை எல்லாம் சாவியைத் திருப்பிய பிறகு மின்சாரம் பெறுபவை, அணையாதவை சாவியைத் தாண்டாமல் நேராகப் பெறுபவை. டேஷ்போர்டின் எர்த் மட்டும் விட்டுப்போயிருந்தால் முட்கள் விழும், ஆனால் எஞ்சின் நிற்காது. ஏனெனில் இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருளின்) மின்னோட்டம் எஞ்சின் வழியாக எர்த்துக்குத் திரும்புகிறது, டேஷ்போர்டுக்கு அங்கே வேலையில்லை. எனவே பேட்டரியிலிருந்து இக்னிஷன் சுவிட்சுக்கு வரும் வழியிலோ, சுவிட்சுக்குள்ளோ, சுவிட்சிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் வழியிலோதான் பழுது இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் வெளியே தேட வேண்டாம்.

பழுது ஒரு நொடிதான் இருக்கிறது என்பதால் அந்த நொடியில் மீட்டரை எடுத்து வைக்க முடியாது. ஆகவே காவலுக்கு இரண்டு பல்புகளை வைத்துவிடுங்கள். 5 வாட் பல்புகள் இரண்டு போதும், சாதாரண இழைப் பல்பாக இருக்கட்டும். எல்.இ.டி. வேண்டாம், மிகக் குறைந்த மின்னோட்டத்திலும் எரிந்து அது ஏமாற்றும். சுவிட்சுக்குள் நுழையும் வயரில் ஒன்றையும், சுவிட்சிலிருந்து வெளியேறும் வயரில் மற்றொன்றையும் இணையுங்கள். ஜெர்மானிய முறைப்படி எண் பொறித்த வண்டிகளில் நுழையும் முனை 30, வெளியேறும் முனை 15 என்றிருக்கும். இரண்டு பல்புகளின் மறுமுனைகளையும் பேட்டரியின் எதிர்முனைக்கே நேராகக் கொண்டுபோய்ச் சேருங்கள், அப்போதுதான் எர்த் பற்றிய ஐயம் நடுவில் புகாது. ஒவ்வொரு பல்பின் வயரிலும், அது கிளம்பும் இடத்துக்கு அருகிலேயே, ஒரு சிறிய ஃபியூஸ் அவசியம். பல்புகளை ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடத்தில் வைத்து, உடன் ஒருவரை அமர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும்.

முதல் பல்பு எரிந்துகொண்டிருக்க இரண்டாவது அணைந்தால் சுவிட்சில் பழுது. இரண்டும் அணைந்தால் சுவிட்சுக்கு முன்னால். இரண்டும் எரிந்துகொண்டிருக்க வண்டி நின்றால் சுவிட்சுக்குப் பின்னால்.

ஓம்விதி

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மல்டிமீட்டரில் 12.4 வோல்ட் வருகிறது என்றால் அந்த வயர் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு எதற்குப் பல்பு?

செம்புக்கம்பி

இக்கேள்வி எப்போதும் வருவதுதான், விரிவாகவே எழுதுகிறேன்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் வோல்ட்டை அளக்கும்போது அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். ஆகவே அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருபது இழைகள் உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.4 என்றே காட்டும். களிம்பு ஏறி 1,000 ஓம் தடையாகிவிட்ட இணைப்பாக இருந்தாலும் காட்டும் எண் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையாது. அதே இடத்தில் 21 வாட் பிரேக் லைட் பல்பை வைத்தால் அது 1.75 ஆம்பியரைக் கேட்கும். கேட்டது கிடைக்காததால் எரியாமல் கிடக்கும். பழுதான இணைப்பு, மின்னோட்டம் பாயும்போது மட்டுமே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஓம் அளவையில் வைத்துத் தடையைப் பார்க்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். கனமான மின்னோட்டம் பாயும் இணைப்பில் 0.05 ஓம் இருந்தாலே தொல்லைதான். சாதாரண மீட்டரின் முனைக்கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை இருக்கும் என்பதால் அதை நம்பி அளக்க முடியாது. 25 ஆம்பியர் பாயும்போது 0.05 ஓம் தடையில் 1.25 வோல்ட் இழப்பு ஏற்படுகிறது, அந்தச் சிறிய இணைப்பில் 31 வாட் வெப்பம் உருவாகிறது. கையில் பிடித்து வேலை செய்யும் சாதாரண சால்டரிங் அயன் (ஈயத்தை உருக்கி ஒட்டும் கருவி) 25 வாட். ஓர் அயனையே கனெக்டருக்குள் செருகி வைத்ததுபோலத்தான். வெப்பத்தால் டெர்மினலின் (வயர் நுனியில் உள்ள உலோக முனையின்) பிடி தளர்கிறது, பிடி தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் வெப்பமும் கூடுகிறது. காலையில் வராமல், ஓடிச் சூடான பிறகு, புளோயர் ஓடும்போது மட்டும் வருகிற பழுதைக் கேட்டவுடன் இந்தச் சுழற்சிதான் என் நினைவுக்கு வந்தது.

ஆகவே அளக்க வேண்டியது மின்னழுத்த இழப்பை. எல்லாச் சுமைகளையும் (புளோயர், விளக்கு போல மின்சாரம் இழுப்பவற்றை) போட்டுவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் கருப்பு முனையை நாம் ஐயப்படும் இடத்திலும் வைத்தால், நடுவில் தொலைந்துபோன வோல்ட் நேராகத் தெரியும். ஒரு தனி இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது, எர்த் பக்கத்துக்கும் அதே கணக்குதான். சுவிட்ச், ஃபியூஸ், வயர் எல்லாம் சேர்ந்த நீண்ட வழிக்கு அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

மிகப் பழைய 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதே வாட்டுக்கு இருமடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், 12 வோல்ட் வண்டியில் தெரியாத குறை அங்கே பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடற்கூட்டோடு சேர்ந்திருக்கும். அவற்றில் நான் சொன்ன முனைகளைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைவாசி

இணைப்புகள் எல்லாவற்றிலும் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து, வயர்க் கட்டை ஒவ்வோர் இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாலும் பழுது வெளியே வந்துவிடும். பட்டறையில் பெரும்பாலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

செம்புக்கம்பி

ஆட்டிப் பார்ப்பதை முழுமையாக ஏற்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் காவல் பல்புகளைப் பார்த்திருக்க, மற்றவர் வயர்க் கட்டை மெதுவாக வளைத்தும் இழுத்தும் பார்ப்பது நல்ல முறை. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே கை போகாமல் இருக்க வேண்டும். ஆனால் ஸ்பிரேயைக் கண்டுபிடித்த பிறகு அடியுங்கள், முன்னால் வேண்டாம். அடித்தால் பழுது சில வாரங்கள் மறைந்துவிடும். மறைந்த பழுதைத் தேடுவது வந்துபோகும் பழுதைத் தேடுவதைவிடக் கடினம். அடிப்பதானால் மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனராக இருக்கட்டும்.

ஏர்பேக் உள்ள வண்டியை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மஞ்சள் நிறக் கனெக்டர்களிலும், ஸ்டியரிங் தண்டில் ஏர்பேக்குக்குப் போகும் வயரிலும் டெஸ்ட் லாம்ப்பை (சோதனைப் பல்பை) ஒருபோதும் வைக்காதீர்கள், ஆட்டியும் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் சென்சார் வயர்களிலும் பல்பு வேண்டாம், அங்கே மீட்டர் மட்டுமே.

கராஜ்மூலை

என் வண்டியில் பிரேக்கை மிதித்தால் பின்பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. அதுவும் எப்போதாவதுதான். இதற்கும் இதே முறை பொருந்துமா?

செம்புக்கம்பி

பொருந்தும், உங்களுடையது இன்னும் எளிது. பின் விளக்குத் தொகுதியின் எர்த் விட்டுவிட்டிருக்கிறது. பிரேக் பல்பின் மின்னோட்டம் எர்த்துக்குத் திரும்ப வழியில்லாமல், பக்கத்திலுள்ள பல்பின் இழை வழியாக எதிர்த்திசையில் நுழைந்து வேறோர் எர்த்தைத் தேடிப் போகிறது. இரண்டு பல்புகளும் வரிசையில் சேர்ந்துவிடுவதால் இரண்டும் மங்கல். விளக்கின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையில், பிரேக்கை மிதித்தபடி அளந்து பாருங்கள். பிறகு எர்த் திருகைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான உலோகம் தெரிந்த பிறகு மாட்டி, மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள்.

எஞ்சினையும் உடற்கூட்டையும் இணைக்கும் எர்த் பட்டையையும் இதோடு பார்த்துவிடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கின் மேல் அமர்ந்திருப்பதால் அந்தப் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடேறி இறுகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மெதுவோட்டம்

காவல் பல்புகளை மாட்டி, தம்பியைப் பக்கத்தில் அமர்த்தி ஓட்டினேன். வண்டி நன்றாகச் சூடான பிறகு, புளோயர் அதிவேகத்தில் இருந்தபோது பழுது வந்தது. இரண்டு பல்புகளும் ஒன்றாக அணைந்தன. அது மட்டுமல்ல, அதற்குச் சற்று முன்னதாகவே இரண்டும் மங்கத் தொடங்கியதாகவும் தம்பி சொல்கிறார்.

செம்புக்கம்பி

அப்படியானால் மாற்றிய சுவிட்ச் குற்றமற்றது, பழையதும் நல்லதாகவே இருந்திருக்கலாம், தூக்கி எறிந்துவிடாதீர்கள். முன்கூட்டியே மங்கியதால் இது இழை அறுந்த வயராக இருக்க வாய்ப்பு குறைவு. சூடேறித் தடை கூடும் இணைப்பைத் தேடுங்கள். வண்டி சூடாக இருக்கும்போதே, சுமைகளைப் போட்டபடி, பேட்டரியிலிருந்து சுவிட்ச் வரை உள்ள வழியில் ஒவ்வோர் இணைப்பாக மின்னழுத்த இழப்பை அளந்து எழுதுங்கள். கனெக்டரின் பின்பக்கமாக, வயர் நுழையும் வழியே மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். முன்பக்கத்தில் முனையைத் திணித்தால் டெர்மினலின் வாய் விரிந்து, நாமே ஒரு பழுதை உண்டாக்கிவிடுவோம்.

மெதுவோட்டம்

அளந்தவை இவை. பேட்டரி நேர்முனையிலிருந்து எஞ்சின் அறையின் ஃபியூஸ் பெட்டி வரை 0.08 வோல்ட். அங்கிருந்து எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் கனெக்டர் வரை சேர்த்துப் பார்த்தால் 0.15. அதே கனெக்டரின் உட்பக்கத்தில் 1.6 வோல்ட். சுவிட்ச் முனையில் 1.7. ஆகவே 1.45 வோல்ட் அந்த ஒரே கனெக்டருக்குள் தொலைகிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைப் பிரித்தேன். பல முனைகள் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டர். அதில் தடித்த வயர் நுழையும் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது. உள்ளே உள்ள டெர்மினல் கருத்து, வாய் தளர்ந்து, ஆண் முனையை இழுத்தால் தடையின்றிக் கையோடு வருகிறது. கனெக்டரின் கீழிருந்து கூடுதலாக ஒரு வயர், நிறம் வேறுபட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றி வெளியே போவதையும் பார்த்தேன். அது முந்தைய உரிமையாளர் பொருத்திய ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது.

பட்டறைவாசி

ஒப்புக்கொள்கிறேன், இதற்கு முழு வயரிங் தேவையில்லை. ஆனால் உருகிய டெர்மினலைச் சுரண்டிவிட்டு அப்படியே மாட்டாதீர்கள். சூடேறிய உலோகத்தில் ஸ்பிரிங் தன்மை திரும்ப வராது. பெண் முனையையும் ஆண் முனையையும் சேர்த்தே மாற்றுங்கள். இரு பக்கமும் வயரை, பளபளப்பான செம்பு தெரியும் வரை, சில சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். களிம்பு மேலுறைக்குள் ஊர்ந்து உள்ளே போயிருக்கும், கருத்த செம்பில் எந்த டெர்மினலும் நிற்காது.

ஓம்விதி

டெர்மினலை அழுத்திப் பொருத்துவதா, சால்டர் செய்வதா?

பட்டறைவாசி

சரியான கிரிம்ப்பிங் கருவி கையில் இருந்தால் அழுத்திப் பொருத்துவதுதான் வண்டிக்கு ஏற்றது. சால்டர் இழைகளுக்குள் ஊறிப் போய் வயரை விறைப்பாக்கும். ஊறிய பகுதி முடியும் விளிம்பில் அதிர்வு பட்டுப்பட்டு வயர் முறியும். சால்டர் செய்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடம் அசையாமல் இருக்க வயரைச் சற்றுத் தள்ளிக் கட்டிவிட வேண்டும். வயரின் மேலுறையைக் கடித்து இணைக்கும் அந்த நீல நிறக் கிளிப்புகளை மட்டும் எந்த வண்டியிலும் பயன்படுத்தாதீர்கள். பழைய வண்டிகளில் அலாரம், ரேடியோ, மூடுபனி விளக்கு என்று பின்னால் சேர்த்த சாமான்களின் இணைப்புகளில்தான் எங்களுக்குப் பாதி வேலை வருகிறது.

செம்புக்கம்பி

டெர்மினலை மாற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரை அதே வயரில் விட்டுவைத்தால் இதே பழுது சில காலம் கழித்துத் திரும்பும். ஆம்ப்ளிஃபையருக்குப் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு மிக அருகில் அதற்கென ஃபியூஸ். புளோயரையும் பின் கண்ணாடியையும் ஒரு ரிலே வழியாக ஓடவிடுவது இன்னும் நல்லது. ரிலேயின் 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த வயர், 87க்குச் சுமை, 86க்கு இக்னிஷனிலிருந்து வரும் பழைய வயர், 85க்கு எர்த். ரிலேயின் காயில் இழுப்பது ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான் என்பதால் சுவிட்சும் அந்தக் கனெக்டரும் இனிச் சூடாகக் காரணமே இருக்காது. ரிலேக்குள் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்த வகையாக இருந்தால் 85, 86 முனைகளை மாற்றி இணைக்கக்கூடாது. ஃபியூஸின் அளவு வயரைக் காப்பதற்கானது. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

கராஜ்மூலை

எர்த் திருகைத் தேய்த்து மாட்டியதும் இண்டிகேட்டர் சரியாகிவிட்டது, நன்றி. இன்னொன்று. எப்போதாவது ஒரு ஃபியூஸ் மட்டும் எரிந்துபோகிறது. புதிதாகப் போட்டால் பல வாரங்கள் தாங்குகிறது. அளவைக் கூட்டிப் போடலாமா?

செம்புக்கம்பி

கூடவே கூடாது. ஃபியூஸ் எரிவதற்குப் பதிலாக வயர் எரியும். ஃபியூஸைக் கழற்றி அதன் இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பை மாட்டி, அந்த ஃபியூஸ் காக்கும் விளக்குகளையும் மோட்டாரையும் இணைப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். பல்பு அணைந்திருக்கும். இனி வயர்க் கட்டை ஆட்டுங்கள், கதவுகளையும் டிக்கியையும் திறந்து மூடுங்கள். எங்கே கை வைத்தபோது பல்பு முழு வெளிச்சத்தில் எரிகிறதோ அங்கே வயர் உடற்கூட்டில் உரசுகிறது. கதவுக்கும் உடற்கூட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர்க் குழாய்க்குள், டிக்கியின் கீல் அருகே, இருக்கை நகரும் தண்டவாளத்துக்கு அடியில் என்ற வரிசையில் பாருங்கள். முதலாவது இடத்திலேயே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

மெதுவோட்டம்

இரு பக்க டெர்மினல்களையும் மாற்றி, கனெக்டரின் உருகிய கூட்டையும் வேறொன்றால் மாற்றிவிட்டேன். ஆம்ப்ளிஃபையருக்குத் தனி வயர் இழுத்தாயிற்று. ரிலே பொருத்தும் முன்பே, வண்டி சூடான நிலையில் எல்லாச் சுமைகளையும் போட்டு அளந்தபோது கனெக்டரில் 0.04 வோல்ட், சுவிட்ச் முனை வரை மொத்தம் 0.22. ரிலே பொருத்திய பிறகு சுவிட்ச் முனை வரை 0.09. கனெக்டரைக் கையால் தொட்டால் சூடே இல்லை. காவல் பல்புகளை இன்னும் கழற்றவில்லை, மழைக்காலம் முடியும் வரை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கராஜ்மூலை

ஓட்டுநர் கதவின் ரப்பர்க் குழாய்க்குள்தான். பவர் விண்டோவுக்குப் போகும் சிவப்பு வயரின் மேலுறை கிழிந்து செம்பு வெளியே தெரிகிறது.